இத்தாலிக்கு வயோலா வாசிக்கப் போனேன்: கேட்காமல் விட்டதும் கட்டி அழுததும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை கடைசியில் போய் ஆகஸ்ட் 17 வரை, மூன்று வாரம், இத்தாலியில் ஒரு கோடைகால இசைவிழாவில் வயோலா (வயலினை விடக் கொஞ்சம் பெரிசு, சுருதி தணிவு) வாசித்துவிட்டு வந்தேன். ஆன செலவு 3,87,000 ரூபாய். அதில் 60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான பணம் சுத்தமாகத் தண்டம். கத்தியைக் காட்டி யாரும் பிடுங்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நானே கொண்டுபோய்க் கொட்டியது. பணம்கூடப் பரவாயில்லை, எதற்காக அவ்வளவு தூரம் போனேனோ அந்த ஒரு மணி நேரத்தையும் அதே வெட்கத்தால் தொலைத்தேன். அடுத்த கோடைக்கு விண்ணப்பம் போடப் பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சென்னை, பெரம்பூர். அப்பாவுக்கு ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. சர்ச் பாடகர் குழுவுக்காக எட்டு வயதில் வயலின் பிடித்தேன். பதினாறு வயதில் மாஸ்டர் என்னை வயோலாவுக்கு மாற்றினார். மாஸ்டர் சினிமா ரெக்கார்டிங்கில் முப்பது வருடம் வயோலா வாசித்தவர். "வயலினுக்கு ஊருல நூறு பேரு இருக்கான்மா, வயோலாவுக்கு ஆள் இல்ல, இதுக்கு வா, சோறு கிடைக்கும்" என்று சொல்லித்தான் மாற்றினார். சொன்னபடியே கால்ஷீட்டும் கிடைத்தது. இருபத்திரண்டு வயதில் கையில் 1,40,000 ரூபாய் சேமிப்பு இருந்தது. மீதிக்கு அப்பா பி.எஃப்.பில் கடன் போட்டார்.

ஜனவரியில் இரண்டு பாடல் பதிவு செய்து அனுப்பினேன். நான்கே நாளில் பதில் வந்தது: தேர்வாகிவிட்டீர்கள், அதோடு 25 சதவீத உதவித்தொகையும் உண்டு. வீட்டில் கேக் வெட்டினோம். சர்ச் அறிவிப்பில் பெயர் வாசித்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாள் இரவுச் சாப்பாட்டில்தான் விஷயம் புரிந்தது. அந்த மேசையில் இருந்த ஒன்பது பேருக்கும் அதே 25 சதவீதம். நடந்தது ஆடி மாதம், கிடைத்தது ஆடித் தள்ளுபடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன், சிரிப்பு வரவில்லை என்றாலும். நான்கு நாளில் பதில் வந்த ரகசியமும் அங்கேதான் தெரிந்தது. வயலினுக்கு நாற்பது பேர் போட்டியிட்டிருக்கிறார்கள். வயோலாவுக்கு ஆறு இடம், விண்ணப்பித்ததே ஐந்து பேர். மாஸ்டர் சொன்ன கணக்கு உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இசைவிழா என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, ரசிகர்கள் டிக்கெட் வாங்கி வந்து கேட்பது, வாசிப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று, வாசிக்கிற மாணவர்களே பணம் கட்டிச் சேர்வது, அதாவது கச்சேரியோடு சேர்ந்த கோடை வகுப்பு. நான் போனது இரண்டாவது. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் எனக்கு யூரோவில் சம்பளம் கொடுத்தார்கள் என்றுதான் நம்புகிறார்கள். பணம் கட்டிப் போவதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். போட்டி கடுமையான சில இடங்களில் மாணவர்களிடம் காசே வாங்குவதில்லை. அமெரிக்காவில் டாங்கிள்வுட் இசை மையத்தில் ஃபெலோவாகத் தேர்வானால் படிப்பும் தங்குவதும் சாப்பாடும் உதவித்தொகையிலேயே அடங்கிவிடும். அந்த மாதிரி இடத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்த்திருக்கலாம், கிடைக்காது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

பணம் கட்டும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. எனக்குத் தனி வகுப்பு மொத்தம் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், எடுப்பது யார்? இணையப் பக்கத்தில் படம் போட்டிருக்கும் பெரிய ஆசிரியர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஊரில் இருப்பார்? சாதகம் செய்யும் அறை எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? சனி ஞாயிறு சாப்பாடு உண்டா? போன வருடம் போன மாணவர் இருவரிடம் பேச முடியுமா? மூன்று நாள் யோசித்து மின்னஞ்சலில் இதையெல்லாம் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். இத்தனை கேட்டால் இடத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். ஐந்து பேருக்கு ஆறு இடம் வைத்திருந்தவர்கள் பிடுங்கியிருக்க மாட்டார்கள்.

கட்டணம் 2,600 யூரோ, தள்ளுபடி போக 1,950. யூரோ அப்போது ஏறக்குறைய 91 ரூபாய். வங்கியில் படிவத்தை நிரப்பும்போது, அனுப்பும் செலவை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும். "பகிர்ந்துகொள்வது" என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். நடுவில் இருக்கும் வங்கி 25 யூரோவை எடுத்துக்கொண்டது. அங்கே 1,925தான் போய்ச் சேர்ந்தது, பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று நோட்டீஸ் வந்தது. எல்லாச் செலவும் அனுப்புபவருடையது என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். படிவத்தில் அதை ஓ.யூ.ஆர். என்ற மூன்று எழுத்தில் போட்டிருப்பார்கள். கவுண்டரில் இருப்பவர் தானாகச் சொல்ல மாட்டார்.

விசாவில் நடந்தது என் முட்டாள்தனம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று ஒரு ஏஜென்ட்டிடம் போனேன். 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, "மூணு வாரம்தானேம்மா, டூரிஸ்ட்னு போட்டா ஈஸியா வந்துடும், மியூசிக் அது இதுன்னு எழுதினா நோண்டுவாங்க" என்றார். காசு கட்டாத ஒரு ஹோட்டல் புக்கிங்கையும் அவரே போட்டுக் கொடுத்தார். ஏப்ரல் கடைசியில் கொடுத்தது மே மாதம் திரும்பி வந்தது. பயணத்தின் நோக்கமும் சூழலும் நம்பும்படியாக இல்லை என்ற கட்டத்தில் டிக். அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜூனில் மறுபடி நானே எழுதினேன். நான் வயோலா வாசிப்பவள், இந்த விழாவுக்கு இந்தத் தேதியில் போகிறேன், இதோ சேர்க்கைக் கடிதம், இதோ பணம் கட்டிய ரசீது, இதோ அப்பாவின் சம்பளச் சான்று, முன்பு மறுக்கப்பட்டது இதனால்தான். ஒரே பக்கம். கிடைத்துவிட்டது. முதல் தடவை கட்டணம் 80 யூரோ, நடுவில் ஜூன் 11 அன்று ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) கட்டணத்தை 90 ஆக்கிவிட்டார்கள். இரண்டாவது விண்ணப்பத்தால் போனது அது மட்டுமல்ல. மே மாதம் 58,000 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருந்த விமான டிக்கெட்டை ஜூலையில் 84,000 கொடுத்து வாங்கினேன். பயண தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சேர்க்கைக் கடிதம் வந்த பிப்ரவரியிலேயே கொடுத்திருக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அதில் வாத்தியம் அடங்காது, அதற்குத் தனி.

மாஸ்டர் தன் பழைய வயோலா வில்லைக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தார். நல்ல வேளை, பழக்கமான ஒரு செல்லோ அண்ணன் அதன் நுனியைப் பார்த்துவிட்டுத் தடுத்தார். பழைய வில்களின் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது பல சமயம் யானைத் தந்தம். தகுந்த அனுமதிச் சான்று இல்லாமல் அதோடு எல்லை தாண்டினால் வில்லைப் பறிமுதல் செய்துவிடலாம். என் கார்பன் ஃபைபர் வில்லையே எடுத்துப் போனேன். இன்னொன்றும் அந்த அண்ணன் சொல்லித்தான் தெரியும்: விலை உயர்ந்த வாத்தியம் என்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி, இது இங்கிருந்து போகிறது என்று ஒரு சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது எங்கே வாங்கினாய் என்ற பேச்சு வராது. என் வயோலா பழசு, 45,000 ரூபாய்க்கு வாங்கியது, ஆனாலும் வாங்கினேன். விமானத்தில் பெட்டியை உள்ளே எடுத்துப் போகலாமா என்று முன்கூட்டியே விமான நிறுவனத்துக்கு எழுதி, வந்த பதிலை அச்செடுத்து வைத்திருந்தேன். செக்-இன் கவுண்டரில் பெட்டி நீளம் என்று ஆரம்பித்தார்கள், காகிதத்தைக் காட்டியதும் விட்டார்கள். இந்தப் பயணத்தில் நான் உருப்படியாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ரோம் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக எல்லோரும் ஏறுகிற எக்ஸ்பிரஸில் அப்போது 14 யூரோ. அதே நிலையத்திலிருந்து 8 யூரோவுக்கு ஒரு சாதாரண ரயில் திபுர்த்தீனா ஸ்டேஷனுக்குப் போனது. நான் போக வேண்டிய அரெத்ஸோ பக்கத்து ரயில் அங்கேயும் நின்றது. 14 கொடுத்து தெர்மினி என்ற பெரிய ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிய பிறகுதான் தெரிந்தது.

தங்கியது தஸ்கனி மாநிலத்தில், அரெத்ஸோவுக்குப் பக்கத்து ஒரு மலையூர். வகுப்பிலிருந்து "பத்து நிமிட நடை" என்று எழுதியிருந்த வீடு. இறங்கும்போது பத்து நிமிடம்தான், உண்மை. ஏறும்போது இருபத்தைந்து. மூன்றாவது மாடி, ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த ஜன்னல். மூன்று வாரத்துக்கு 540 யூரோ, முன்பணம் 150. சாப்பாடு வார நாளில் மதியம் மட்டும். தஸ்கனியில் ரொட்டிக்கு உப்பு போட மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். முதல் வாய் வைத்ததும் கடைக்காரர் மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவள், அம்மா கட்டிக் கொடுத்த ஆவக்காயைத் தொட்டுக்கொண்டு மூன்று வாரத்தை ஓட்டினேன். அந்த ஊறுகாய் பின்னால் ஒரு வேலை செய்தது, சொல்கிறேன்.

முதல் ஒத்திகையில் எனக்கு ஒரு கர்வம் வந்து, அரை மணி நேரத்தில் போனது. நோட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிப்பதில் அந்த அறையில் என்னை அடிக்க ஆள் இல்லை. சென்னையில் நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஸ்டாண்டில் காகிதம் வைப்பார்கள், ஒரு தடவை ஓட்டம், அடுத்தது டேக். ஆனால் எங்களுக்குக் காதில் ஹெட்ஃபோன், ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் க்ளிக் சத்தம். எட்டு பார் (தாளச் சுற்று), பதினாறு பார், முடிந்தது, அடுத்த பிட். இங்கே க்ளிக் இல்லை. இசைக்குழுவை நடத்துபவர் கையை இறக்குகிறார், இறக்கி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் மொத்தக் குழுவும் ஒலிக்கிறது. நான் கையைப் பார்த்து அந்தக் கணமே வாசித்துவிடுகிறேன். முப்பது பேருக்கு முன்னால் தனியாக என் வயோலா மட்டும். மூன்று முறை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்பெயின் பெண் மெல்லச் சொன்னாள்: கையைப் பார்க்காதே, செல்லோக்காரர்களின் தோளைப் பார். அதுதான் அந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாடம், கட்டணம் எதுவும் இல்லாமல். சுருதியும் அங்கே ஒரு மயிரிழை உயரம், 442 ஹெர்ட்ஸ். எங்கள் ஸ்டூடியோ 440. காதுக்கு இரண்டு நாள் பிடித்தது.

நாங்கள் வாசிக்க வேண்டிய பட்டியலில் மெண்டல்ஸன் என்ற இசையமைப்பாளரின் இத்தாலியச் சிம்பொனியும் (1833இல் லண்டனில் முதலில் ஒலித்தது) புச்சினியின் "கிரிசாந்தேமி"யும் இருந்தன. 2024 இசையமைப்பாளர் புச்சினி இறந்த நூறாவது வருடம். அவர் இதே தஸ்கனியின் லூக்காவில் பிறந்தவர். அதனால் அந்தக் கோடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புச்சினி. ஒரு இளவரசரின் சாவுக்காக 1890இல் ஒரே இரவில் எழுதியதாக அவரே சொன்ன ஐந்தாறு நிமிடத் துண்டுதான் கிரிசாந்தேமி. சிம்பொனியை முழுசாக வாசிப்பது எனக்கு அதுவே முதல் முறை. கடைசிப் பகுதி சால்தரெல்லோ, குதித்துக் குதித்து ஓடும் நாட்டுப்புற ஆட்டம். ஐந்தாவது நிமிடத்தில் வலது கை மரத்துப்போகும். சினிமாவில் அத்தனை நேரம் ஒரே மூச்சில் யாரும் வாசிக்க விடுவதில்லை. போவதற்கு இரண்டு மாதம் முன்பே பட்டியலைக் கேட்டு வாங்கி, உங்கள் வாத்தியத்துக்கான பகுதியை அச்செடுத்து, முழுப் பதிவோடு சேர்ந்து தினமும் வாசித்துப் பழகிவிட்டுப் போங்கள். பட்டியல் தயாராகத்தான் இருந்திருக்கிறது. கேட்டவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நான் யாருக்காகப் போனேனோ அந்தப் பெரிய ஆசிரியர் மூன்று வாரத்தில் ஊரில் இருந்தது நான்கு நாள், ஆகஸ்ட் 10 முதல் 13 வரை. மற்ற நாட்களில் அவருடைய உதவியாளர், வாரத்துக்கு இரண்டு அரை மணி வகுப்பு. அந்தப் பையன் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் பி.எஃப். பணம் போனது அவனுக்காக அல்ல. பெரியவரின் முன்னால் எல்லோரும் பார்க்க வாசிக்கும் வகுப்பு எனக்கு 12ஆம் தேதி திங்கள், பதினொன்றரைக்கு.

9ஆம் தேதி வெள்ளி இரவு. பகல் முழுக்க வெயில் 38 டிகிரி. அந்த ஊர்க்காரர்கள் காலையிலேயே பெர்சியானே என்கிற மரக்கதவுகளைச் சாத்திவிடுவார்கள், வீடு இருட்டாகக் குளிர்ந்து கிடக்கும். நான் பெரம்பூர்க்காரி, காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்து போட்டிருந்தேன். வயோலாவைப் பெட்டியில் வைக்காமல் கட்டில் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து படியேறும்போதே ஒரு சத்தம், மர டப்பாவுக்குள் சாக்பீஸ் விழுந்த மாதிரி. உள்ளே போனால் நான்கு தந்தியும் தொளதொளவென்று கிடக்கின்றன, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சரிந்து கிடக்கிறது, கீழ்ப்பக்க விளிம்பில் பலகை ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருக்கிறது. எடுத்து ஆட்டினேன். உள்ளே எதுவோ உருண்டது.

காரணம் இதுதான். சென்னையின் ஈரக்காற்றில் தந்தி முறுக்கும் முளைகள் ஊறி இறுகிவிடும், திருகவே வராது. அதற்காக நாங்கள் பென்சில் கரியும் சோப்பும் தடவி வைப்போம். வறண்ட காற்றில் அதே மரம் சுருங்கும், பிடி தளரும், சோப்பு தடவிய முளை நிற்குமா? நான்கும் நழுவிவிட்டன. தந்தியின் அழுத்தம் போனால் பிரிட்ஜ் விழும், பிரிட்ஜ் விழுந்தால் உள்ளே நிற்கிற சவுண்ட் போஸ்ட் குச்சியும் விழும். அதை எதுவும் ஒட்டியிருப்பதில்லை, வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது. முந்தின நாளே இரண்டு முளை நழுவுவதைப் பார்த்தேன். யாரிடமாவது காட்டியிருக்கலாம். என் வாத்தியம் மட்டம் என்று நினைப்பார்களோ என்று காட்டவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ் பிடித்து அரெத்ஸோ போனேன். வயலின் செய்கிறவர், பழுது பார்க்கிறவர் எல்லோரையும் லியுத்தாயோ என்பார்கள். முகவரி இருந்தது. ஷட்டர் மூடி, அதன் மேல் கையால் எழுதிய ஒரு காகிதம்: கியூஸோ பெர் ஃபேரியே, விடுமுறைக்காக மூடியிருக்கிறது, ஆகஸ்ட் 26இல் திறப்போம். ஆகஸ்ட் 15 அவர்களுக்கு ஃபெர்ரகோஸ்தோ, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். எங்களுக்கும் அன்றைக்குத் திருநாள்தான், ஆனால் பூசைக்குப் போய்விட்டு வருவதோடு சரி. அவர்கள் அந்தத் தேதியைச் சுற்றி இரண்டு மூன்று வாரம் கடையையே பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறார்கள். இன்னொரு இடத்துக்குத் தொலைபேசி அடித்தேன், மணி மட்டும் அடித்தது. ஊர் நடுவில் ஒரு சதுக்கத்தில் குய்தோவின் சிலை இருக்கிறது. மேற்கத்திய இசையின் ச ரி க ம-வான உத் ரே மி-யை ஆயிரம் வருடத்துக்கு முன் வகுத்த துறவி, இந்த ஊர்ப் பெயரோடுதான் அறியப்படுகிறார். அவர் காலடியில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போட்டு, சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன்.

மாலையில் வீட்டுக்குக் கீழே காபிக்கடை வைத்திருந்த சிஞ்ஞோரா (அங்கே பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என் பெட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் தானாகக் கேட்டார். மொழி புரியவில்லை, பெட்டியைத் திறந்து காட்டினேன். யாருக்கோ பேசினார். இருபது கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் வயதான ஒருவர் இருக்கிறார், நாளைக் காலை வரச் சொன்னார் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அன்றிரவு சான் லொரென்ஸோ. ஆகஸ்ட் 10 இரவில் எரிநட்சத்திரம் பார்க்க ஊரே மதில் மேல் உட்கார்ந்திருந்தது. நான் அறையில் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் அடுத்த அடி. பஸ் அட்டவணையில் இரண்டு வகை: ஃபெரியாலே, ஃபெஸ்திவோ. அன்று காலைதான் ஃபேரியே என்றால் விடுமுறை என்று கற்றிருந்தேன். அப்படியானால் ஃபெரியாலே என்பது விடுமுறை நாள் பஸ் என்று முடிவு செய்தேன். தலைகீழ். ஃபெரியாலே என்றால் வேலை நாள், சனியும் அதில் சேர்த்தி. ஞாயிறும் பண்டிகையும்தான் ஃபெஸ்திவோ. அந்தத் தடத்தில் ஞாயிறு பஸ்ஸே கிடையாது. ஞாயிறு காலை எட்டேகாலில் இருந்து பத்தரை வரை நிழல் இல்லாத நிறுத்தத்தில் நின்றேன். நாய் நடத்திக்கொண்டு போன தாத்தா ஒருவர் கையை ஆட்டி இல்லை இல்லை என்று சொன்ன பிறகே திரும்பினேன். சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் சிஞ்ஞோராவின் மருமகன் காரில் கொண்டுபோய் விட்டார்.

அந்த வயதானவரின் பட்டறைக்குள் நுழைந்ததும் வஜ்ஜிரம் காய்ச்சுகிற வாசனை. எங்கள் தெருவில் பழைய தச்சர் ஒருவர் வைத்திருந்த அதே பசை, அதே நாற்றம். ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. அவர் வயோலாவை வாங்கி, துளை வழியாக உள்ளே பார்த்து, "அனிமா" என்றார். எனக்குப் புரியவில்லை. மருமகன் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: ஆன்மா. சவுண்ட் போஸ்ட்டுக்கு இத்தாலியில் அதுதான் பெயர். ஆன்மா விழுந்துவிட்டது, வைத்துவிடலாம், ஆனால் முதலில் பிளந்த இடத்தை ஒட்ட வேண்டும், பசை காய நாளை மதியம் ஆகும் என்றார். காலையிலேயே வந்திருந்தால் திங்கள் விடியும்போது கையில் இருந்திருக்கும்.

திங்கள் பதினொன்றரைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை. ஒரு சின்ன அளவு வயோலா இரவல் கிடைத்தது, பதினைந்து அங்குலம். என்னுடையது பதினாறு. விரல் எங்கே வைத்தாலும் சுருதி விலகியது. அதை எடுத்துக்கொண்டு பெரிய ஆசிரியர் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, ஃபெரியாலே பஸ்ஸில் ஏறி வயோலாவை வாங்கப் போனேன். ஆசிரியர் செவ்வாய் மாலை கிளம்பிப் போய்விட்டார். புதன் அன்று ஸ்பெயின் பெண் சொன்னாள், "என்னிடம் கேட்டிருந்தால் என் செவ்வாய் நேரத்தைக் கொடுத்திருப்பேனே. வேறு இரண்டு பேர் அப்படித்தான் மாற்றிக்கொண்டார்கள்." ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியதும், விசாவுக்கு அலைந்ததும், எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்காக. இதை எழுதும்போதும் வயிறு பிசைகிறது.

வாத்தியத்தோடு வறண்ட ஊருக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானி வையுங்கள். ஈரப்பதம் 40க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் நல்லது. துளைக்குள் தொங்கவிடும் ஈரக்குழாய் விலை அதிகமில்லை. முளையில் தடவிய சோப்பைக் கிளம்பும் முன் துடைத்துவிட்டு முறையான பேஸ்ட் போடச் சொல்லுங்கள். ஒரு முழு செட் தந்தி கூடுதலாக. தந்தி மாற்றும்போது ஒன்று ஒன்றாக, நான்கையும் ஒன்றாகத் தளர்த்தாதீர்கள். ஆனால் போஸ்ட் விழுந்துவிட்டால் மிச்சத் தந்திகளையும் உடனே தளர்த்துங்கள், இல்லையென்றால் மேல்பலகை அமுங்கி விரிசல் விடும். ஒட்டுகிற வேலை எதையும் நீங்களே செய்யாதீர்கள், கடைப் பசையைத் தொடவே தொடாதீர்கள். போய் இறங்கிய முதல் நாளே, பழுது பார்ப்பவர் யார், ஆகஸ்டில் திறந்திருப்பாரா என்று கேட்டு வையுங்கள்.

கடைசிக் கச்சேரி 16ஆம் தேதி இரவு ஒன்பதரைக்குச் சதுக்கத்தில் நடந்தது. காற்றுக்குக் காகிதம் பறக்காமல் இருக்கத் துணிக்கிளிப் போட்டுக்கொண்டு வாசித்தோம். புச்சினியில் வயோலாவுக்கு ஓரிடம் வரும், எல்லோரும் அடங்க நாங்கள் மட்டும் நடுவில் நகர்வோம். அந்த இடத்தில் செல்லோக்காரர்களின் தோளைப் பார்த்துக்கொண்டு சேர்ந்து மூச்சு விட்டேன். முந்தாமல் விழுந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு நான் விலை போட மாட்டேன். மறுநாள் காலை வீட்டுக்காரர் மரமேசையில் ஒரு கறையைக் காட்டி 150 யூரோ முன்பணத்தைத் தர மறுத்துவிட்டார். எனக்கு முன்பே இருந்த கறை சில உண்டு, ஆனால் அவர் காட்டியது ஆவக்காய் எண்ணெய். நுழைந்த அன்றே மேசையைப் படம் எடுத்து வைத்திருந்தால் பாதியாவது பேசி வாங்கியிருப்பேன்.

ஊருக்கு வந்த மறுவாரம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். விசாவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், வகுப்பைத் தவறவிட்டதை மட்டும் சொல்ல வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்து, வயோலாவை எடுத்து, கீழ்த்தந்தியை மட்டும் ஒரு முழு வில் இழுத்தார். நிறுத்தி, மறுபடி இழுத்தார்.

"போஸ்ட்டு யாரும்மா வெச்சது?"

"அங்க ஒரு தாத்தா, மாஸ்டர். கிராமத்துல."

"எவ்ளோ வாங்கினாரு?"

"பசை போட்டதுக்கும் சேத்து நாப்பது யூரோ."

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "நாம வெக்கிறத விட ஒரு நூல் பின்னால தள்ளி வெச்சிருக்காரு" என்றார். பிறகு தன் வயோலாவையும் பரணிலிருந்து இறக்கச் சொன்னார்.